பாலுக்கு நாள் குறிக்கிறோம், சாணத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியையும் சத்தியமங்கலம் காட்டையும் ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) மெல்ல மெல்லப் பெருகி வருகின்றன என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல செய்தி. ஆனால் அதை எழுதியிருந்த தொனியில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. மாட்டுக்குப் போடும் வலி மருந்துகளைத் தடை செய்தாயிற்று, ஆகவே கால்நடை மருந்தால் காட்டுயிர்களுக்கு இருந்த ஆபத்து ஏறக்குறைய நீங்கியது என்பதுபோல் செய்தி முடிகிறது. கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் சத்தியமங்கலம் மலையடிவாரம், பிறகு காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று என் வேலைக்காலம் முழுவதும் மாட்டுக் கொட்டகைகளிலும் ஆட்டுப் பட்டிகளிலுமே கழிந்தது. இப்போது காங்கேயம் பக்கம் கொஞ்சம் கொரங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் காடு), நாலைந்து மாடு, சில ஆடுகளோடு இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: செத்த மாட்டைப் பற்றிய கணக்கை மட்டும்தான் நாம் தீர்த்திருக்கிறோம். உயிரோடு இருக்கும் மாடு தினமும் போடும் சாணத்தின் கணக்கை இன்னும் தொடவே இல்லை.

முதலில் கழுகு விஷயம், சுருக்கமாக. டைக்ளோஃபெனாக் என்னும் வலி மருந்து ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் பறவையின் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படிந்து பறவை சாகும். தொண்ணூறுகளிலேயே ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் குறைவதைப் பார்த்துவிட்டார்கள். காரணம் இந்த மருந்துதான் என்று பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004-இல் நிறுவியது. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கும் மேல் அழிந்துபோனது. இதில் என்னை உலுக்கிய விஷயம் வேறு. அந்த அழிவுக்கு நூறு சடலத்தில் ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவே போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2006-இல் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் தடையானது. மனிதர்களுக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடும் தந்திரம் தொடர்ந்ததால், 2015-இல் அந்தக் குப்பியை 3 மில்லிக்குள் அடக்கினார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் போயின. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போனால் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும் என்பதால் அந்தத் தடை வராமல் முந்தையதற்குப் பொருளே இல்லை. அதற்குப் பின் நிமசுலைடும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. மாற்று வலி மருந்தான மெலாக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது, கையில் இருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. ஒரு மருந்தைக் கண்டுபிடித்து, நிறுத்தி, மாற்றைக் கொடுத்து, இருபது ஆண்டுகள் விடாமல் மல்லுக்கட்டியதால் வந்த பலன் இது. அந்த வேலையில் இருந்த எல்லோருக்கும் என் வணக்கம்.

இனி என் விஷயம். ஐவர்மெக்டின்.

காங்கேயம் பக்கத்தில் இதை 'உண்ணி ஊசி' என்றுதான் கேட்டு வாங்குவார்கள். உண்ணி, சொறி, பேன், குடற்புழு என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. தோலுக்கடியில் போட வேண்டும். 50 கிலோ எடைக்கு ஒரு மில்லி. முந்நூறு கிலோ மாடு என்றால் ஆறு மில்லி. அதில் இருக்கும் மருந்து அறுபது மில்லிகிராம்தான். அவ்வளவு குறைந்த அளவில் அவ்வளவு வேலை செய்யும் மருந்து நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வேறு கிடையாது. சொறி பிடித்துத் தோல் தடித்து, மயிர் கொட்டி, தீனி எடுக்காமல் நின்ற ஆடு சில வாரத்தில் தேறி மந்தையோடு ஓடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஜப்பானில் சதோஷி ஓமுரா மண்ணிலிருந்து எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து இது. அமெரிக்காவில் வில்லியம் கேம்பல் அதை மருந்தாக்கும் வேலையில் இருந்தார். 1981-இல் கால்நடைக்காகச் சந்தைக்கு வந்து, பிறகு ஆப்பிரிக்காவில் ஆற்றுக்குருடு என்னும் நோயிலிருந்து லட்சக்கணக்கானோரைக் காப்பாற்றியது. இருவருக்கும் 2015-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆகவே இது கெட்ட மருந்து என்று சொல்ல நான் வரவில்லை. என் கொட்டகையிலும் தேவைப்பட்டால் இன்றும் போடுவேன்.

சிக்கல் எங்கே என்றால், மாடு இந்த மருந்தைச் செரித்து அழிப்பதில்லை. போட்ட மருந்தின் பெரும்பங்கு மருந்தாகவே, பித்தத்தின் வழியாகக் குடலுக்கு வந்து சாணத்தில் இறங்கிவிடுகிறது. சிறுநீரில் போவது மிகக் குறைவு. ஊசி போட்ட இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை சாணத்தில் உச்சத்தில் இருக்கும். அதன்பின் படிப்படியாகக் குறைந்தாலும் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். நாட்டு மாடுகூட நாளொன்றுக்குப் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் சாணம் போடும். அது நேராகக் குப்பைக் குழிக்கோ கொரங்காட்டுக்கோ போகிறது. மண்ணில் இந்த மருந்து நீரோடு ஓடாது, மண் துகளைப் பிடித்துக்கொள்ளும். வெயில் பட்டால் சீக்கிரம் சிதையும். வெயில் படாத இடத்தில், குளிர்ச்சியில், பிடிவாதமாக நிற்கும். 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், சாணமும் மண்ணும் கலந்த கலவையைத் திறந்தவெளியில் வைத்துப் பார்த்தார்கள். கோடையில் ஏழிலிருந்து பதினான்கு நாளில் மருந்து பாதியானது. குளிர்காலத்தில் அதே பாதியாக 91 நாளிலிருந்து 217 நாள்வரை பிடித்தது. அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயில் நமக்குத் துணை என்பது உண்மைதான். ஆனால் ஆளுயரக் குப்பைக் குழிக்கு அடியில் எந்த வெயில் படுகிறது?

இதில் எனக்கு நெடுநாளாக உறுத்தும் ஒன்று உண்டு. மருந்துக் குப்பியோடு வரும் தாளைப் பிரித்துப் பாருங்கள். கறவை மாட்டுக்குப் போடக் கூடாது என்றோ, பாலை இத்தனை நாள் எடுக்காதே என்றோ இருக்கும். இறைச்சிக்கு வெட்டுவதானால் இத்தனை நாள் கழித்து என்று இருக்கும். மனிதன் வாயில் போவதற்கெல்லாம் நாள் குறித்திருக்கிறார்கள். சாணத்துக்கு நாள் குறித்த தாள் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. இதே மருந்து ஐரோப்பாவில் விற்கும்போது, சாணத்தில் வாழும் பூச்சிகளுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் மிகுந்த நஞ்சு, ஊசி போட்ட மாடுகளைக் குறிப்பிட்ட நாட்களுக்குக் குளம் குட்டையில் இறங்க விடாதே என்று தாளில் எச்சரிக்கை இருக்கிறது. மருந்து ஒன்றுதான், மாடும் மாடுதான். இங்கே தாளில் அச்சடிக்க மட்டும் இடம் போதவில்லை போலிருக்கிறது.

'சாணத்தில் வாழும் பூச்சிக்குப் போய் ஒரு கடிதமா' என்று வாசகர்கள் நினைக்கலாம். ஐப்பசி மழை இரண்டு உழவு பெய்து ஓய்ந்த பிறகு கொரங்காட்டுப் பக்கம் வந்து பாருங்கள். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் தளிர்த்திருக்கும். வெள்வேல மரத்தடியில் முந்தின நாள் மாடு போட்ட சாணத்தை ஒரு குச்சியால் புரட்டினால், அடியில் மாவு சலித்துக் கொட்டியதுபோல் புதுமண் குவிந்திருக்கும். மேலே முழுச்சாணமாகத் தெரிந்தது உள்ளே கூடாக இருக்கும். தரையில் விரல் நுழையும் அளவில் துளைகள். ஒரு துளையின் வாயில் கொம்பு வைத்த கறுப்பு வண்டு ஒன்று, தன் உடம்பைவிடப் பெரிய சாணத் துண்டைப் முன்னங்காலால் இழுத்தபடி பின்புறமாகவே இறங்கிக்கொண்டிருக்கும். தொட்டால் செத்ததுபோல் கால்களை மடக்கிக்கொள்ளும். பச்சை மின்னும் சின்ன வண்டுகள், பழுப்பு வண்டுகள், பயறு அளவில் சில என்று ஒரே சாணத்தில் வகைவகையாக இருக்கும். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் சாணி வண்டு என்று ஒரே பெயர். உருட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் பீயுருட்டி. உருட்டுவது ஒரு ரகம், நேர்கீழே துளைத்துக் கொண்டுபோவது ஒரு ரகம், சாணத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துவது இன்னொரு ரகம். சத்தியமங்கலம் காட்டில் யானை லத்தியைப் புரட்டினால் உள்ளங்கையில் பாதியை அடைத்துக்கொள்ளும் வண்டு கிடைக்கும். அதைக் கையில் பிடித்தால் விரலை நெம்பும் பலம் நம்ப முடியாதது.

இந்த வண்டுகள் ஈயைப்போல் நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுத் தள்ளுவதில்லை. மண்ணுக்கடியில் சாணத்தை உருண்டையாக்கி, உருண்டைக்கு ஒரு முட்டை வைத்து மூடும். அந்தப் புழு பிறந்ததிலிருந்து கூட்டுப்புழு ஆகும்வரை அந்த ஓர் உருண்டைதான் அதற்குச் சோறு. அந்த உருண்டையில் ஐவர்மெக்டின் இருந்தால் அதற்கு வேறு இடம் தேடிப்போக வழியில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், மருந்து கொடுத்த மாட்டின் சாணத்துக்கு வண்டுகள் அதிகமாகவே வந்து மொய்த்தன என்று கண்டிருக்கிறார்கள். ஆபத்து என்று தெரிந்து விலகும் புத்தியும் அதற்கு இல்லை என்பதுதான் இதன் பொருள்.

1987-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் செய்த சோதனை பிரபலமானது. மருந்து கொடுத்த கன்றுகளின் சாணத்தையும் கொடுக்காதவற்றின் சாணத்தையும் புல்வெளியில் வைத்தார்கள். நூறு நாள் ஆனபோது மருந்தில்லாத சாணம் மண்ணோடு மண்ணாகப் போயிருந்தது. மருந்துச் சாணம் பெரும்பாலும் அப்படியே கிடந்தது, உள்ளே வண்டோ புழுவோ இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர்கள் கொடுத்தது ஊசி அல்ல. மாட்டின் வயிற்றில் தங்கி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கசியும் குண்டு. ஊசியின் வேகம் அவ்வளவு நாள் நீடிக்காது. ஆனால் 2015-இல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமாகப் பார்த்தார்கள். வண்டைக் கொல்லாத மிகக் குறைந்த அளவிலேயே அதன் உணர்கொம்பு வாசனை பிடிக்கும் திறனை இழக்கிறது, கால்களில் பலம் குறைகிறது. வாசனை தெரியாத வண்டு சாணத்தைத் தேடி வராது. அது செத்துக் கிடப்பதை யாரும் பார்க்கப்போவதும் இல்லை. பாறு செத்தால் மரத்தடியில் ஆளுயரச் சிறகோடு கிடக்கும், யாராவது படம் எடுப்பார்கள். இது அப்படியல்ல.

மண்புழுவுக்கு இந்த மருந்தால் அவ்வளவு கேடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் சேர்த்துப் பயமுறுத்தினால் ஒன்றையும் நம்பமாட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆட்டுப் பட்டி போடும் வழக்கம் உண்டு. அறுவடை முடிந்த காட்டிலும் தென்னந்தோப்பிலும் படலை நட்டு ராத்திரி ஆடுகளை அடைப்பார்கள். மறுநாள் படலைப் பெயர்த்து அடுத்த இடத்தில் நடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணுக்கு எரு. இதற்குக் காட்டுக்காரர் ஆட்டுக்காரருக்குக் கூலி தருவார். போன புரட்டாசியில் பக்கத்துத் தோட்டத்தில் பட்டி போட்டிருந்தார்கள். காலையில் போனால் ஆட்டுக்கார இளைஞர் ஒருவர் படலுக்குள்ளேயே வைத்து மொத்த ஆட்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஊசி, ஒரே குப்பி, எடையும் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கியது.

"தம்பி, எல்லா ஆட்டுக்கும் சொறி இருக்குதா?" என்றேன்.

"இல்லீங் சார். ரெண்டுக்குத்தான். மழை வருதல்லங், வந்ததுக்கப்புறம் பாத்துட்டு இருக்க முடியுமுங்களா? மொத்தமா ஒருவாட்டி போட்டுட்டா நிம்மதி."

அடுத்த ஒரு வாரம் அவர் அதே தோட்டத்தில் படல் மாற்றி மாற்றி நடப்போகிறார். உச்ச அளவு மருந்து முழுவதும் அந்தத் தோட்டத்து மண்ணுக்குத்தான். வண்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்.

"ஏனுங் சார், ஆட்டு வயித்துல புழு செத்தாப் போதும். புழுக்கையில வண்டு செத்தா நமக்கென்னுங்க?"

கேள்வியில் தப்பில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் எந்தப் புழுவுக்காக ஊசி போடுகிறாரோ அந்தப் புழுவின் முட்டை புழுக்கையோடுதான் வெளியே வருகிறது. பொரிந்து, இளம்புழுவாகி, ஈரப் புல்லில் ஏறி உட்கார்ந்து அடுத்த ஆட்டின் வாய்க்குப் போகிறது. சாணத்தை வண்டு கிளறிக் காயவைத்தாலும் ஆழத்தில் புதைத்தாலும் அந்தப் புழுவில் பெரும்பகுதி புல்லுக்கு வராமலே ஒழிகிறது. சாணத்தில் முட்டையிட்டு மாட்டின் முதுகில் மொய்க்கும் ஈக்கும் இதே கதிதான். வண்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா பட்டுத்தான் தெரிந்துகொண்டது. கங்காரு போடும் சின்னப் புழுக்கைக்குப் பழகிய அந்நாட்டு வண்டுகளுக்கு மாட்டுச் சாணத்தோடு மல்லுக்கட்டத் தெரியவில்லை. மேய்ச்சல் நிலமெங்கும் சாணம் காய்ந்து கிடந்து புல் மூடிப்போய், ஈ பெருகி மனிதர் முகத்தில் அப்பியது. 1960-களின் இறுதியிலிருந்து வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார்கள். அதற்கென்றே அரசு ஆய்வு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் வேலை செய்தது.  அவர்கள் செலவழித்துக் கொண்டுவந்த வண்டின் வேலை நம்மிடம் இலவசமாக நடக்கிறது.

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் படலோரம் நின்று சொன்னேன். "அப்ப வண்டு போயிட்டா ஊசி இன்னும் அதிகமாப் போடோணும்ங்கறீங்களா" என்றார். அவ்வளவுதான் விஷயம், எனக்குப் பத்து வாக்கியம் பிடித்தது, அவருக்கு ஒன்று போதுமாக இருந்தது.

காட்டுயிர் என்ற தலைப்புக்கு வருகிறேன். வண்டே காட்டுயிர்தான் என்பது ஒருபக்கம். அதைத் தின்று வாழ்பவற்றை எண்ணிப் பாருங்கள். மாட்டின் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்கு, கம்பியில் உட்கார்ந்து பாயும் கரிச்சான், பனங்காடை, சாணத்தைக் கொத்திக் கிளறும் கொண்டலாத்தி, மைனா, இருட்டியதும் விளக்குக் கம்பத்தடியில் இறங்கும் புள்ளி ஆந்தை, கௌதாரிக் குஞ்சு, தவளை, ஓணான், முள்ளெலி. இவற்றில் எதுவும் மருந்தைத் தின்று நேரடியாகச் சாகும் என்று நான் சொல்லவில்லை. தீனி குறைந்து போகும் என்கிறேன். குஞ்சு பொரிக்கும் மாதத்தில் தீனி குறைவது ஒன்றும் சின்ன விஷயமல்ல. இங்கிலாந்தில் பெரிய லாட மூக்கு வௌவால் என்று ஒன்று உண்டு. அதன் குட்டிகள் முதன்முதலில் வேட்டையாடப் பழகும் மாதத்தில் சாண வண்டுகளைத்தான் பெரிதும் நம்பியிருக்கின்றன. அதனால் அந்த வௌவால் குடியிருப்புகளைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் ஐவர்மெக்டினைத் தவிர்க்கும்படி அங்கே விவசாயிகளிடம் கேட்டுக்கொள்கிறார்கள். நம் மாயாற்றுப் பக்கத்திலோ, பாறுக்காக வலி மருந்தைக் கேட்டு வாங்கிப் பரிசோதிக்கும் அதே கிராமங்களில் உண்ணி ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மாடுகள் மேயும் இடத்தில்தான் மானும் காட்டெருமையும் மேய்கின்றன. அவற்றின் சாணத்துக்கும் இவற்றின் சாணத்துக்கும் வருவது ஒரே வண்டுக் கூட்டம்.

குட்டைகளும் உண்டு. நீரில் துள்ளும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளுக்கு ஐவர்மெக்டின் நம்ப முடியாத அளவு குறைந்த செறிவிலேயே நஞ்சு. ஊசி போட்ட மறுநாள் மாட்டைக் குட்டையில் இறக்கிக் கழுவுவது நம் ஊரில் சர்வ சாதாரணம். உண்ணிக்குத் தெளிக்கும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் கரைசல்களும் இதே குட்டைக்குத்தான் போகின்றன. அவையும் சாண வண்டுக்கு ஆகாதவை.

கோழி எருவைப் பற்றித் தனியாக ஒரு கடிதமே எழுதலாம். நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாக மஞ்சள் காட்டுக்கும் தென்னைக்கும் வருகிறது. கோழிக்குக் கொடுத்த ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்துகளின் மிச்சம் எருவோடு மண்ணுக்கு வந்து களிமண்ணில் ஒட்டிக்கொள்கிறது, அங்குள்ள நுண்ணுயிர்கள் மருந்துக்கு அடங்காதவையாகப் பழகுகின்றன. கொலிஸ்டினைக் கோழிக்குக் கொடுப்பதை 2019-இல் அரசு தடை செய்தது மனிதர்களைக் காக்கத்தான். காக்கட்டும். மண்ணில் இருக்கும் மிச்சத்தைப் பற்றி அதிலும் பேச்சில்லை.

வண்டுக்காக மாட்டைச் சாகவிடச் சொல்கிறாயா என்று என் பழைய சகாக்களே கேட்பார்கள். சொல்லவில்லை. அரசு முகாம்களில் குடற்புழுவுக்கு ஊற்றுவது பெரும்பாலும் அல்பெண்டசோல், ஃபென்பெண்டசோல் வகை. அவற்றால் சாண வண்டுக்குப் பெரிய கேடில்லை. லெவாமிசோலும் அப்படித்தான். ஐவர்மெக்டின் குடும்பத்திலேயே மாக்சிடெக்டின் வண்டுக்கு ஓரளவு தேவலை. குடற்புழு மட்டும்தான் பிரச்சினை என்றால் உண்ணி ஊசியைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. புழு இருக்கிறதா என்று பார்க்கச் சாணப் பரிசோதனை இருக்கிறது. ஒரு நுண்ணோக்கியும் உப்புக் கரைசலும் இருந்தால் முட்டையை எண்ணிவிடலாம், நெல்லிக்காய் அளவு சாணம் போதும். ஆட்டுக்கு இன்னும் எளிது. தென்னாப்பிரிக்காவில் ஓர் அட்டை தயாரித்தார்கள். ஆட்டின் கீழிமையை விலக்கி உட்புற நிறத்தை அட்டையில் உள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். சிவப்பாக இருந்தால் மருந்து வேண்டாம். வெளுத்திருந்தால் வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது, அந்த ஆட்டுக்கு மட்டும் கொடு. மந்தையில் பாதிக்கு மேல் மருந்தில்லாமலே தப்பும். மருந்து படாத ஆட்டின் புழுக்கையில் வண்டு பிழைக்கும். மருந்துக்குப் பழகாத புழுவும் கொஞ்சம் பிழைத்திருப்பதால் மருந்தும் நீண்டநாள் வேலை செய்யும். இப்போது போடுகிற வேகத்தில் போட்டால் ஊசியே ஒருநாள் உதவாமல் போகும், அப்போது வண்டைப் பற்றி அல்ல, ஆட்டைப் பற்றியே அழுதுகொண்டிருப்போம்.

சொறிக்கும் உண்ணிக்கும் ஐவர்மெக்டின்தான் வேண்டும் என்றால் போடலாம். எடை பார்த்து, நோய் உள்ள உருப்படிக்கு மட்டும். முடிந்தால் பங்குனி, சித்திரையில், வண்டுகள் மண்ணுக்குள் அடங்கியிருக்கும் காய்ந்த நாட்களில். போட்ட பின் இரண்டு மூன்று வாரம் அந்த மாட்டைக் கொட்டகையிலேயே கட்டி, சாணத்தை மேய்ச்சல் காட்டுக்கு விடாமல் தனியாக வாரி, மெல்லிய அடுக்காக வெயிலில் பரப்பி உலர்த்திவிட்டுக் குப்பைக்குச் சேர்க்கலாம். வறட்டி தட்டினால் இன்னும் நல்லது, அடுப்பில் போய்விடும். ஆட்டுப் பட்டி என்றால் ஊசி போட்ட நாளுக்கும் படல் நடும் நாளுக்கும் இடையே இடைவெளி விட வேண்டும். காட்டுக்காரரே இதைக் கேட்கலாம்: "உங்க ஆட்டுக்கு ஊசி எப்பப் போட்டீங்க?" கூலி கொடுப்பவர் கேட்டால் பதில் வரும்.

அரசுக்கு என் வேண்டுகோள் செலவு வைக்கும் வேண்டுகோள் அல்ல. மருந்து உரிமம் கொடுக்கும் இடத்தில், கால்நடைக்கான ஒட்டுண்ணி மருந்துகளின் தாளில் பாலுக்கும் இறைச்சிக்கும் குறிக்கும் நாளோடு சாணத்துக்கும் நாள் குறிக்கச் சொல்ல வேண்டும், அதுவும் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில். எத்தனை நாள் என்பதை நம் மண்ணில், நம் வெயிலில், நம் மாட்டில் அளந்து சொல்லும் வசதி மாதவரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு இருக்கிறது. கொரங்காட்டு மண்ணுக்கும் டெல்டாக் களிமண்ணுக்கும் விடை வேறாக இருக்கும், இரண்டையும் பார்க்க வேண்டும். பாறுக்காக மருந்துக் கடைகளில் நடக்கும் சோதனையில், சீட்டில்லாமல் உண்ணி ஊசி விற்பதையும் சேர்த்துப் பார்க்க ஒரு சுற்றறிக்கை போதும். கால்நடை முகாம்களில் மாட்டை வரிசையில் நிறுத்தி மருந்து ஊற்றுவதற்கு முன், ஒரு மேசையில் நுண்ணோக்கி வைத்துச் சாணம் பார்த்துக் கொடுக்க வேண்டும். முன்பு சில மருந்தகங்களில் இது ஒழுங்காக நடந்தது. ஆள் குறைந்ததும் முதலில் நின்றது இதுதான்.

கடிதம் நீண்டுவிட்டது, தெரியும். இடம் கருதி எதை வெட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. மருந்துத் தாளைப் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். மருந்துக் கடை நடத்துபவர்களும் கம்பெனிப் பிரதிநிதிகளும் தங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.